விரிசலுக்குள் எதை அனுப்புவது? வழுக்கு நீர், கூழ், நுரை, பால்மம்: ஓர் ஒப்பீடு

எண்ணெய்க் கிணறுகளில் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளம் பொறியாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அழுத்தம் குறைந்துபோன பழைய கிணறு, களிமண் கலந்த மணற்பாறை. நீரியல் விரிசல், அதாவது உயர் அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்திப் பாறையில் பிளவு உண்டாக்குவது, செய்வது என்று முடிவாகிவிட்டது. பாறையைப் பிளக்க எந்தத் திரவத்தைச் செலுத்துவது? ஒருவர் கொத்தவரைக் கூழே போதும் என்கிறார். இன்னொருவர் நுரை என்கிறார். மூன்றாமவர் எண்ணெயும் நீரும் கலந்த பால்மத்தைச் சொல்கிறார். மூன்று விலைப்பட்டியல்களையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள்.

லிட்டருக்கு என்ன விலை என்ற வரியிலிருந்து தொடங்குவதால்தான் அந்தத் திணறல் என்பது என் கருத்து. விரிசலுக்குள் திரவத்தைச் செலுத்தும் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் அந்தக் கிணறு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, உள்ளே அனுப்பியதில் எவ்வளவு, எந்த வடிவில், எத்தனை நாளில் வெளியே வரும், எது அங்கேயே தங்கிவிடும் என்பதுதான்.

பேச ஒரு கிணறு வேண்டும். குஜராத்தின் காம்பே படுகையில் கலோல் பகுதிக் கிணறுகளைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆழம் 1,500 மீட்டர், அடியில் வெப்பம் 85 டிகிரி செல்சியஸ், பாறையில் தண்ணீர் பட்டால் உப்பும் களிமண், செலுத்த வேண்டிய திரவம் 200 கன மீட்டர். கணக்குப் போட வசதியாக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை.

எதை வைத்து எடை போடுவது

திரவத்துக்கு முதல் வேலை பாறையைப் பிளப்பது. இரண்டாவது வேலை, பிளவு மீண்டும் மூடிக்கொள்ளாதபடி முட்டுக்கொடுக்கும் தாங்குமணலை அதன் கடைசி முனைவரை சுமந்து செல்வது. மெல்லிய திரவத்தில் மணல் வழியிலேயே படிந்துவிடும். பிளவு நீள வேண்டுமானால் திரவம் பாறையின் துளைகளுக்குள் அதிகம் கசியவும் கூடாது. இந்த மூன்றும் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கின்றன.

பிறகு வருபவற்றைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். குழாய்க்குள் எவ்வளவு உராய்வு, அதற்கு எத்தனை பம்ப் வண்டிகள் வேண்டும்? அடியாழத்து வெப்பத்தில் திரவம் தாங்குமா? வேலை முடிந்ததும் தானாக உடைந்து மெலியுமா? பாறைக்கும் மணற்படுகைக்கும் என்ன சேதத்தை விட்டுச்செல்லும்? எவ்வளவு தண்ணீர் கொண்டுவர வேண்டும், எவ்வளவு கழிவுநீரை அப்புறப்படுத்த வேண்டும்? தீப்பிடிக்குமா?

| அளவுகோல் | வழுக்கு நீர் | கொத்தவரைக் கூழ் | நுரை | எண்ணெய்ப் பால்மம் |
|---|---|---|---|---|
| மணல் சுமத்தல் | குறைவு; வேகத்தால் ஈடுகட்ட வேண்டும் | மிக நன்று | நன்று, ஆனால் மணலின் செறிவுக்கு வரம்பு உண்டு | நன்று |
| கசிவுக் கட்டுப்பாடு | குறைவு | நன்று | நன்று | மிக நன்று |
| குழாய் உராய்வு | மிகக் குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் வரை | அதிகம் |
| வெப்பம் தாங்குதல் | கவலை இல்லை | நன்று | நடுத்தரம் | வெப்பம் ஏற ஏற மெலியும் |
| விட்டுச்செல்லும் சேதம் | கசடு குறைவு, நீர் அதிகம் | பிசின் கசடு | குறைவு | குறைவு, சரியாக உடைந்தால் மட்டும் |
| 200 கன மீட்டருக்குத் தண்ணீர் | 200 (நடைமுறையில் பல மடங்கு) | 200 | சுமார் 60 | சுமார் 67 |
| தீ ஆபத்து | இல்லை | இல்லை | இல்லை | உண்டு |

வழுக்கு நீர்

தண்ணீரில் மிகச் சிறிதளவு பாலி அக்ரிலமைடு என்ற பலபடியைக் கலந்தால் குழாய் உராய்வு பாதி அளவுக்கும் கீழே இறங்கிவிடும்; அதுதான் வழுக்கு நீர். டெக்சாஸின் பார்னெட் களிப்பாறையில் (ஷேல்) மிட்செல் எனர்ஜி நிறுவனம் 1997-இல் விலையுயர்ந்த கூழைக் கைவிட்டு இதற்கு மாறியது. அமெரிக்காவின் களிப்பாறை எரிவாயு எழுச்சி அங்கிருந்துதான் தொடங்கியது. மிக இறுக்கமான, நொறுங்கும் தன்மையுள்ள பாறையில் வலைப்பின்னல் போன்ற சிறு விரிசல்கள் தேவைப்படும்போது இதற்கு நிகர் கிடையாது.

நம் கிணற்றுக்கு இது பொருந்தாது. மணலை வேகத்தால்தான் சுமக்கும் என்பதால் பெரும் பாய்ச்சலும் பெரும் நீரளவும் தேவை. களிப்பாறையில் ஒரு நீள்கிடைக் கிணற்றுக்குப் பல கோடி லிட்டர் செலவாவது இதனால்தான். களிமண் உப்பும் பாறையில், மேலே தள்ளும் அழுத்தமும் இல்லாத கிணற்றில், அவ்வளவு நீரை ஊற்றினால் அது திரும்பி வராது. எண்ணெய் வரவேண்டிய துளைகளில் நீர் உட்கார்ந்துகொள்ளும்.

கொத்தவரைக் கூழ்

நம் வீட்டில் பொரியல் செய்கிறோமே, அதே கொத்தவரைதான். அதன் விதையின் உட்பருப்பை அரைத்த மாவைத்தான் உலகெங்கும் எண்ணெய் வயல்களில் 'குவார்' என்கிறார்கள். உலக உற்பத்தியின் பெரும்பங்கு ராஜஸ்தான், ஹரியானா, குஜராத் மாநிலங்களிலிருந்து போகிறது. மாவை நீரில் கரைத்து, போரேட் உப்பால் குறுக்குப் பிணைப்புக் கொடுத்தால் கண்ணாடிக் குவளையைச் சாய்த்தாலும் நாக்குப் போலத் தொங்கி மீண்டும் உள்ளே ஏறும் கூழ் கிடைக்கும். இன்னும் சூடான கிணறுகளுக்கு சிர்கோனியம் பிணைப்பு இருக்கிறது. மணல் சுமப்பதில் இதை மிஞ்சுவது கடினம். செய்யத் தெரிந்தவர்கள் எங்கும் கிடைப்பார்கள். தீப்பிடிக்கும் பயமும் இல்லை.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது கசடு. கொத்தவரை மாவில் உள்ள பிசினின் மூலக்கூறு பாறைத் துளைக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. நீர் கசிந்து போகப்போக பிசின் மட்டும் விரிசலுக்குள்ளேயே தேங்கி, கலக்கிய செறிவைப்போலப் பல மடங்கு கெட்டியாகிறது. நொதியும் பெர்சல்பேட் என்ற வேதிப்பொருளும் சேர்த்து உடைத்தாலும் கரையாத நார் மிஞ்சும். மணற்படுகையின் ஊடுருவுதிறனில் கணிசமான பங்கை அது தின்றுவிடும்.

இரண்டாவது வெயில். மே மாதத்தில் டேங்கில் கலக்கி வைத்த கூழ், கிருமிக்கொல்லி போதவில்லையென்றால், ஒரே இரவில் தோசை மாவு போலப் புளித்துவிடும். காலையில் மூடியைத் திறந்ததும் மூக்கே சொல்லிவிடும், பாகுநிலை மானியால் அளந்து பார்க்கவே தேவையிருக்காது. மூன்றாவது மழை. ஜோத்பூர் பக்கம் மழை பொய்த்தாலும் அமெரிக்காவில் தேவை எகிறினாலும் விலை தாறுமாறாக ஏறும். 2012-இல் விலை பல மடங்கு உயர்ந்து, இந்தியாவில் குவார் முன்பேர வணிகத்தையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

கிணற்றில் போதிய அழுத்தம் இருந்து, பாறை தண்ணீருக்கு அஞ்சாததாக இருந்தால், வேறு எதையும் தேடாமல் கூழைத் தேர்ந்தெடுங்கள்.

நுரை

மொத்த அளவில் 70 முதல் 75 விழுக்காடு வரை வாயு, மிச்சம் சோப்புக் கலந்த நீர். நைட்ரஜன் அல்லது கார்பன் டை ஆக்சைடு. அழுத்தத்தை விடுவித்ததும் வாயு விரிந்து, நீரையும் தள்ளிக்கொண்டு மேலே வரும். அழுத்தம் குறைந்த கிணறு தன் பலத்தில் செய்ய முடியாத வேலையை வாயு செய்து கொடுக்கிறது. இதுதான் இதன் பெரிய பலம். பாறையில் படும் நீரும் மிகக் குறைவு.

ஆனால் மணலை வாயுவில் கலக்க முடியாது, நீரோட்டத்தில்தான் கலக்க வேண்டும். பிளெண்டரில் எவ்வளவு அடர்த்தியாகக் கலந்தாலும், முக்கால் பங்கு வாயு சேர்ந்ததும் அந்தச் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். அகலமான, மணல் நிறைந்த விரிசல் வேண்டுமென்றால் இங்கேயே தடை விழுகிறது. −196 டிகிரியில் திரவ நைட்ரஜனைச் சுமக்கும் வண்டிகள் நெடுந்தூரம் வர வேண்டும். வழியில் தாமதமானால் ஆவியாகிப் போவதற்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். எரிவாயுக் கிணறாக இருந்தால், நைட்ரஜன் வெளியேறி முடியும்வரை வாயுவை விற்கவும் முடியாது.

கார்பன் டை ஆக்சைடைப் பற்றி ஒரு சிறு விளக்கம். அதன் மாறுநிலை வெப்பம் 31.1 டிகிரி. அதற்குக் கீழே, பம்ப் அழுத்தத்தில், அது திரவம். ஆகவே தரைமட்டத்தில் நாம் செலுத்துவது உண்மையில் நுரையே அல்ல; நீருக்குள் திரவ கார்பன் டை ஆக்சைடு துளிகளாகப் பரவிய பால்மம். கீழே போய்ச் சூடேறிய பிறகுதான் அது நுரையின் குணத்துக்கு மாறுகிறது. நீர் அமிலமாகிவிடுவதால் காரத்தன்மை தேவைப்படும் போரேட் கூழை இதோடு சேர்க்க முடியாது. நிலக்கீல் பொருள் மிகுந்த கச்சா எண்ணெயாக இருந்தால் அது படிந்து வழியை அடைக்கும் ஆபத்தும் உண்டு.

எண்ணெய்ப் பால்மம்

நீரியல் விரிசல் என்ற பெயரில் நீர் இருந்தாலும், கதை எண்ணெயில்தான் தொடங்கியது. 1947-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து ஹியூகோட்டன் வயலில் நடந்த முதல் சோதனையில் செலுத்தியது நேபாம் கலந்து கெட்டியாக்கிய பெட்ரோல். தண்ணீரைக் கண்டால் கெட்டுப்போகும் பாறைகளுக்கு எண்ணெயே நல்லது என்ற எண்ணம் பிறகும் தொடர்ந்தது. எண்ணெய் முழுவதையும் கெட்டியாக்குவது செலவும் சிக்கலும் நிறைந்தது. 1970-களின் தொடக்கத்தில் எஸ்ஸோ நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு நடுவழி ஒன்றை முன்வைத்தது. மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய், ஒரு பங்கு பிசின் கலந்த உப்புநீர், அவற்றைப் பிணைக்கச் சிறிது பால்மமாக்கி.

எது எதற்குள் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. பால் என்பது நீருக்குள் கொழுப்புத் துளி. வெண்ணெய் என்பது கொழுப்புக்குள் நீர்த்துளி. மத்தால் கடையும்போது ஒன்று மற்றொன்றாகத் தலைகீழாகிறது. நமக்கு வேண்டியது பாலின் அமைப்பு: எண்ணெய் உள்ளே, நீர் வெளியே. வெளியே நீர் இருப்பதால் அதிலுள்ள பிசின் குழாய் உராய்வைத் தணிக்கும். தலைகீழாகி எண்ணெய் வெளியே வந்துவிட்டால் உராய்வு எகிறி பம்புகள் திணறும்.

எண்ணெய் மூன்றில் இரண்டு பங்கு வரும்போது துளிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அந்த நெருக்கமே பாகுத்தன்மை தருகிறது, மணலைத் தாங்குகிறது. 60 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நீர்த்துவிடும், 80-ஐத் தாண்டினால் பம்ப் செய்ய முடியாத அளவு கெட்டியாகும். பாறைத் துளையின் வாயில் எண்ணெய்த் துளி வந்து அடைத்துக்கொள்வதால் கசிவும் குறைகிறது. வேலை முடிந்தபின், பால்மமாக்கி பாறையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள, துளிகள் காவல் இழந்து ஒன்றுசேர்ந்து, எண்ணெயும் நீரும் பிரிகின்றன. தனியாக உடைப்பான் சேர்க்காமலே பெரும்பாலும் இது நடக்கும். நீர்ப்பகுதிப் பிசினுக்கு மட்டும் உடைப்பான் தேவை.

இனி நம் கிணற்றுக் கணக்கு. முழுக் கூழாகச் செலுத்தினால், கன மீட்டருக்கு 3.6 கிலோ என்ற வழக்கமான அளவில், 200 கன மீட்டருக்கு 720 கிலோ கொத்தவரை மாவு உள்ளே போகிறது. பால்மத்தில் நீர் 67 கன மீட்டர் மட்டுமே. அதே செறிவில் மாவு 240 கிலோ. பாறைக்குள் போகும் நீரும் கசடாகக்கூடிய பொருளும் மூன்றில் ஒன்றாகிவிட்டன. பால்மம் தண்ணீரைவிட இலேசானது, அடர்த்தி சுமார் 0.9. 1,500 மீட்டர் நீர்த்தூண் அடியில் கொடுக்கும் அழுத்தம் 147 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்), பால்மத்தூண் கொடுப்பது 132 பார். செலுத்தும்போது அந்த 15 பாரை பம்ப் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது அதே 15 பார் சோர்ந்துபோன கிணற்றுக்குத் துணை நிற்கும்.

எண்ணெய் 133 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 836 பீப்பாய். பீப்பாய் 70 டாலர் என்று வைத்தால் 58,500 டாலர். விலைப்பட்டியலைப் பார்த்து பால்மத்தை ஒதுக்குபவர்கள் இந்த எண்ணைக் கண்டுதான் பின்வாங்குகிறார்கள். ஆனால் இது செலவழிந்துபோகும் பணம் அல்ல. பெரும்பகுதி கிணற்று எண்ணெயோடு சேர்ந்து திரும்பி வந்து விற்பனைக்குப் போகிறது. கிணற்றுக்குக் கொடுத்த கைமாற்றாக இதை எழுதிக்கொள்ளுங்கள். முழுவதும் திரும்பிவிடும் என்று எழுதாதீர்கள். கசிந்து ஆழமாகப் போனது வர நாளாகும், கொஞ்சம் வராமலும் போகும்.

*பால்மத்தின் மறைந்த செலவுகள்*

முதலில் தீ. உயர் அழுத்தத்தில் ஓர் இணைப்பு கசிந்தால் எண்ணெய் சொட்டாது. மூடுபனி போலப் பீச்சி, பக்கத்தில் நிற்கும் பம்பின் சூடான புகைபோக்கியில் படியும். அதனால் எளிதில் ஆவியாகும் கச்சா எண்ணெயை இதற்குத் தொடவே கூடாது. தீப்பற்று வெப்பநிலையைச் சோதித்த பிறகே டேங்கில் ஏற்ற வேண்டும். தீயணைப்பு வண்டி, நுரைக் கருவி, வண்டிகளுக்கிடையே கூடுதல் இடைவெளி எல்லாம் செலவுக் கணக்கில் வர வேண்டும். இடம் குறுகிய கிணற்றுத் தளமாக இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே பால்மத்தை விட்டுவிடுவேன்.

எந்த எண்ணெய் என்பது அடுத்தது. கிணற்றின் சொந்த எண்ணெயே மலிவு. ஆனால் ராஜஸ்தானின் மங்களா வயல் எண்ணெய் போல மெழுகு மிகுந்ததாக இருந்தால் அது குளிர்ந்ததும் உறையும். அதைக் கொண்டுசெல்லும் குழாய்வழியையே வழிநெடுகச் சூடேற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பால்மமாக்கி அனுப்பினால் மெழுகு விரிசலின் சுவரிலேயே படியும். டீசல் சுத்தமானது, ஆனால் விலை அதிகம், நிலத்தடி நீருக்கு ஆபத்து. அமெரிக்காவில் 2005-இல் நீரியல் விரிசலுக்குக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தபோதும் டீசலுக்கு மட்டும் அந்த விலக்கைத் தரவில்லை. பென்சீன் போன்ற நச்சுகள் அதில் இருப்பதை நினைத்தால் அது சரியான முடிவு என்பேன்.

மூன்றாவது மின்னேற்றம். பழக்கத்தில் இருந்த பால்மமாக்கிகள் பல நேர்மின்னேற்றம் கொண்டவை. மணற்பாறையின் பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. அதனால்தான் அவை பாறையில் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன, பால்மமும் விரைவில் உடைகிறது. ஆனால் ஒட்டிய பின், நீர் நனைத்துக்கொண்டிருந்த பாறையை எண்ணெய் நனைக்கும் பாறையாக மாற்றிவிடும். எண்ணெய் பாறையைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். சரியான துணைக் கரைப்பானும் அளவும் இல்லாவிட்டால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்த கதைதான்.

இதே மின்னேற்றத்தால் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். வட இந்தியக் கிணறு ஒன்றில் பால்மம் கலக்கிக்கொண்டிருந்தோம். ஆய்வுக்கூடத்தில் அழகாக நின்ற கலவை, தளத்தில் கலக்கக் கலக்கத் திரிந்துகொண்டே வந்தது. எலுமிச்சை பிழிந்த பால் போல மேலே எண்ணெய், கீழே தயிர்க்கட்டிகள். இரண்டு மணி நேரம் பால்மமாக்கியைச் சந்தேகித்தோம். கடைசியில் டேங்கின் அடியில் கை விட்டுப் பார்த்தபோது விரலிடுக்கில் வழவழவென்று நூலிழுத்தது. முந்தைய வேலையின் உராய்வுக் குறைப்பான், எதிர்மின்னேற்றம் கொண்டது, கழுவப்படாமல் கிடந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று வீழ்படிவாக்கியிருக்கின்றன. அன்றைய வேலை நின்றது. டேங்கைக் கழுவியாயிற்று என்று எழுதிய தாளை நம்பிக் கையெழுத்திட்டவன் நான்தான். அதன்பின் எந்தத் தளத்திலும் டேங்கின் அடியைக் கையால் தடவிப் பார்க்காமல் நான் கலவையைத் தொடங்கச் சொன்னதில்லை.

நான்காவது, உடையாத பால்மம். நுண்ணிய களிமண் துகள், இரும்பு சல்பைடு, நிலக்கீல் பொருள் ஆகியவை துளிகளின் மேல் கவசம்போலப் படிந்து, பிரியவிடாமல் காக்கும். அடியில் அப்படி நடந்தால் விரிசலின் வாயிலேயே அடைப்பு. மேலே வந்த பிறகு நடந்தால் செபரேட்டரில் எண்ணெய்க்கும் நீருக்கும் நடுவே பழுப்பு நிறச் சகதி நின்றுகொண்டு எதையும் விற்க விடாது. பால்மமுடைப்பான் வாங்கி, சூடேற்றி, நாள்கணக்கில் காத்திருக்கும் செலவை எந்த விலைப்பட்டியலும் காட்டாது.

சுண்ணாம்புப் பாறையானால்

அங்கே பால்மத்தின் வேலையே வேறு. சவூதி அரேபியா, குவைத் போன்ற நாடுகளின் சுண்ணாம்புப் பாறைகளில் தாங்குமணலுக்குப் பதில் அமிலத்தையே செலுத்தி, விரிசலின் சுவர்களைச் சீரற்று அரிக்கவிடும் முறை பரவலாக இருக்கிறது. வெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிணற்றின் வாசலிலேயே பாறையைத் தின்று தீர்ந்துவிடும். எனவே 70 பங்கு அமிலத்தை 30 பங்கு டீசலுக்குள் துளிகளாக்குகிறார்கள். இங்கே அமைப்பு வெண்ணெயுடையது: எண்ணெய் வெளியே, அமிலம் உள்ளே. டீசல் உறை அமிலத்தைத் தாமதப்படுத்தி நெடுந்தூரம் கொண்டுபோகிறது, எஃகுக் குழாயையும் அரிப்பிலிருந்து காக்கிறது. இதற்கு விலையாக உராய்வைச் சுமக்க வேண்டும். வளைகுடாவில் வேலை செய்யும் நண்பர்கள் 'பால்மம்' என்றால் இதைத்தான் நினைப்பார்கள். பேசத் தொடங்கும் முன் எந்தப் பால்மம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

நம் 1,500 மீட்டர் கிணற்றுக்கு முதல் தெரிவு எண்ணெய்ப் பால்மம். அழுத்தம் குறைவு, களிமண் உண்டு, 85 டிகிரி தாங்கக்கூடிய வெப்பம், பக்கத்திலேயே எண்ணெய் கிடைக்கிறது. ஆனால் மூன்று நிபந்தனைகள். எண்ணெயில் மெழுகும் இலேசான ஆவிப்பொருளும் குறைவாக இருக்க வேண்டும். தளத்தில் வண்டிகளைத் தள்ளி நிறுத்த இடம் வேண்டும். இந்தக் கிணற்றின் எண்ணெய், இந்தப் பாறையின் தூள், இந்தப் பால்மம் மூன்றையும் ஒரே குப்பியில் குலுக்கி 85 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்து, கூர்மையான பிரிகோடு விழுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

முதல் இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நைட்ரஜன் நுரைக்குப் போவேன், வண்டி வரும் தூரம் கட்டுப்படியானால். அதுவும் இல்லையென்றால், பிசின் அளவைக் குறைத்து, களிமண் காக்கும் உப்புச் சேர்த்த கூழ். கிணறு 3,000 மீட்டருக்கும் கீழே, 130 டிகிரிக்கு மேல் இருந்தால், பால்மத்தை யோசிக்கவே மாட்டேன்.

பால்மம்தான் என்று முடிவாகிவிட்டால், வேலை நாளன்று பிளெண்டர் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கலக்கிய பால்மத்திலிருந்து ஒரு சொட்டை அதில் விடுங்கள். சொட்டு கலைந்து வெண்புகையாகப் பரவினால் நீர் வெளியே இருக்கிறது, பம்பைத் தொடங்கலாம். உருண்டையாகவே மிதந்தால் உள்ளே தலைகீழாகிவிட்டது. எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் நிறுத்திவிட்டு, எண்ணெயை எந்த வேகத்தில் ஊற்றினார்கள் என்று போய்ப் பாருங்கள்.